மூடிய சிப்பி, தெரிந்த பிழை

1

மன்னார் வளைகுடாவில் சலாபம் நடந்த காலத்தில், அதாவது அரசே அறிவித்து நடத்திய முத்துக்குளிப்புப் பருவங்களில், சிப்பியைத் திறந்து பார்த்து வாங்கும் பேச்சே கிடையாது. காலையில் படகுகள் பாருக்குப் போகும். கடலடியில் சிப்பி அடர்ந்து கிடக்கும் திட்டுக்குத்தான் பார் என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் தொளாயிரம் பார் அவற்றில் பேர்போனது. படகுகள் கரை திரும்பியதும் சிப்பியைப் பங்கு பிரிப்பார்கள். குளியாட்களுக்கு ஒரு பங்கு, மிச்சம் அரசுக்கு. இலங்கைக் கரையில் குளியாட்களின் பங்கு மூன்றில் ஒன்று. அரசின் பங்கு ஏலத்துக்கு வரும். ஆயிரம் சிப்பி இவ்வளவு ரூபாய் என்று கேட்பார்கள். ஏலம் எடுத்தவர் அதைக் கொண்டுபோய் அழுக வைப்பார். ஈயும் நாற்றமுமாக நாட்கள் போனபின் அலசிப் பார்த்தால்தான் உள்ளே ஆணிமுத்து இருந்ததா, வெறும் தூள்தானா என்று தெரியும்.

இப்படிச் சொன்னால் சுத்த சூதாட்டம் மாதிரி இருக்கும். ஆனால் அதற்கும் ஒரு முறை இருந்தது. சலாபம் அறிவிப்பதற்கு முன்னால் பார்களைச் சோதிப்பார்கள். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து, அழுகவிட்டு, அலசி, கிடைத்த முத்துகளைச் சல்லடையில் போட்டுத் தரம் பிரித்து, அனுபவசாலிகளை வைத்து மதிப்புப் போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஒரு எண் வரும். அந்த எண் தேறினால்தான் சலாபம். வாங்க வருகிறவர் அந்த எண்ணையும், இதற்கு முந்தைய வருஷங்களில் அந்தப் பார் எப்படி நடந்துகொண்டது என்ற கதையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஏலத்தில் வாய் திறப்பார்.

மதர்போர்டு வாங்குவதும் கிட்டத்தட்ட இதே ஏலம்தான். பெட்டியின் மேல் எழுதியிருப்பது மாதிரி மதிப்பீடு. உள்ளே இருப்பது எப்படிப்பட்டதென்று ஆறு மாதமோ மூன்று வருஷமோ ஓட்டியபின்தான் தெரியும். ப்ராசஸர் பிடிக்கவில்லையா, மாற்றலாம். ராம் போனால் வேறு ராம். ஹார்ட் டிஸ்க் தனி. ஆனால் போர்டில் சால்டர் பண்ணி உட்கார்ந்திருக்கும் சிப்செட்டை மட்டும் மாற்ற முடியாது. அதில் பிழை இருந்தால், போர்டு உயிரோடு இருக்கும் வரை அந்தப் பிழையோடுதான் குடித்தனம்.

"எந்த போர்டு வாங்கினால் பிரச்சனை வராது?" என்று கேட்காதவர்கள் குறைவு. என்னைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. பிரச்சனை இல்லாத சிப்செட் இதுவரை வந்ததில்லை. கேட்க வேண்டிய கேள்வி, "இந்த போர்டின் பிரச்சனை என்னவென்று யாருக்காவது தெரியுமா, தெரிந்ததை வெளியே சொன்னார்களா?" என்பதுதான். கடந்த முப்பது வருஷ சிப்செட் வரலாற்றையும், அதற்கும் நூறு வருஷம் முந்தைய முத்துக் கரையின் வரலாறு ஒன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும்.

2

சிப்செட் என்ன வேலை செய்கிறது என்பதைத் தூத்துக்குடிக்காரர்களிடம் விளக்குவது சுலபம். அது துறைமுகம். ப்ராசஸர் ஊருக்குள் இருக்கிற ஆலை. ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி, சவுண்ட் கார்டு, நெட்வொர்க் எல்லாம் வெவ்வேறு திசையிலிருந்து வரும் கப்பல்கள். எந்தச் சரக்கும் துறைமுகம் வழியாகத்தான் ஆலைக்கு வரும், போகும். பழைய போர்டுகளில் இந்தத் துறைமுகம் இரண்டு சிப்பாக இருந்தது. ராமையும் கிராபிக்ஸையும் பார்த்துக்கொள்ள நார்த்பிரிட்ஜ். டிஸ்க், சவுண்ட் மாதிரி மெதுவான விஷயங்களுக்கு சவுத்பிரிட்ஜ். இன்றைக்கு நார்த்பிரிட்ஜின் வேலை ப்ராசஸருக்குள்ளேயே போய்விட்டது. சிப்செட் என்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பழைய சவுத்பிரிட்ஜின் வாரிசு.

துறைமுகம் வேலைநிறுத்தம் செய்தால் ஊருக்கே தெரியும். மெஷின் ஹேங் ஆவது அந்த மாதிரி. எரிச்சல்தான், ஆனால் ஒளிவுமறைவு இல்லை. பயப்பட வேண்டிய பிழை வேறு. சரக்கு வந்துவிட்டது, சீல் உடையவில்லை, காகிதங்கள் எல்லாம் சரி. ஆனால் மூட்டைக்குள் இருப்பது மட்டும் மாறியிருக்கிறது. சிப்செட் பிழைகளில் மோசமானவை இந்த வகை.

1995 வாக்கில் வெளியே வந்த விவகாரம் ஒன்று. ஆர்இசட்1000, சிஎம்டி640 என்று இரண்டு ஐடிஇ கன்ட்ரோலர் சிப்கள். அன்றைய பிசிஐ போர்டுகள் பலவற்றில் இவை இருந்தன. சில சந்தர்ப்பங்களில் டிஸ்கிலிருந்து படிக்கும், எழுதும் தரவைச் சத்தமில்லாமல் கெடுத்தன. பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்குப் புத்தகத்தில் ஒரு இலக்கம் மாறியிருக்கும், அவ்வளவுதான். லினக்ஸ் கெர்னலில் இந்த இரண்டு சிப்களுக்கும் தனித்தனியாகப் பிழை திருத்தும் விருப்பங்களைச் சேர்த்தார்கள். கெர்னலைக் கம்பைல் செய்யும்போது அந்தப் பெயர்கள் பட்டியலில் வந்து நிற்கும். சிப்கள் குப்பைக்குப் போன பிறகும் ரொம்ப நாள் அந்தப் பெயர்கள் போகவில்லை.

அடுத்தது 2001. ஏஎம்டியின் அத்லான் ப்ராசஸர் இன்டெல்லைவிட மலிவாகவும் வேகமாகவும் வந்த நேரம். அதற்கான போர்டுகளில் பெரும்பாலானவை தைவானின் வியா நிறுவனத்து சிப்செட். நார்த்பிரிட்ஜ் கேடி133, சவுத்பிரிட்ஜ் 686பி. இந்த 686பியில் ஒரு ஐடிஇ சேனலில் இருக்கும் டிஸ்கிலிருந்து இன்னொரு சேனலில் இருக்கும் டிஸ்குக்குப் பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் சில சமயம் ஃபைல் கெட்டுப்போனது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டும் கூட இருந்தால் ஆபத்து கூடியது. பிசிஐ பஸ்ஸை யார் எவ்வளவு நேரம் பிடித்து வைத்துக்கொள்வது என்ற வரிசை ஒழுங்கில் வந்த சிக்கல். ஜார்ஜ் பிரீஸ் என்ற ஆர்வலர் அந்த அமைப்புகளை மாற்றி ஒரு பேட்ச் எழுதினார். வியாவும் தன் டிரைவர் தொகுப்பில் திருத்தம் கொடுத்தது. பயாஸ் அப்டேட்டுகள் வந்தன.

அப்போது ஒருவருக்கு முன்னால் இருந்த தேர்வை யோசித்துப் பாருங்கள். ஒருபக்கம் இன்டெல்லின் 815 சிப்செட் போர்டு. விலை கூட, ஆனால் பெயர் நல்ல பெயர். அதிலும் ஒரு வரம்பு: 512 எம்பிக்கு மேல் ராம் ஏற்காது. மறுபக்கம் வியா. விலை குறைவு, வேகம் அதிகம், பிழை ஊரறிந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து மாவட்டத்துச் சின்னக் கடைகள் வரை அன்றைக்குப் பொதுவாகக் கிடைத்த பதில், "இன்டெல் போட்டுருங்க, தலைவலி இல்ல" என்பதுதான். கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துக்கும் உப்பளக் கணக்குக்கும் அது சரியான பதில்தான். ஆனால் காசு குறைவாக இருந்த இன்ஜினியரிங் மாணவனுக்கு இன்னொரு பதிலும் இருந்தது. வியாவையே வாங்கு. பேட்ச் போடு. அந்த சவுண்ட் கார்டை மட்டும் சொருகாதே. சேனல் விட்டுச் சேனல் பெரிய ஃபைல் காப்பி செய்தால் ஒருமுறை சரிபார். பிழையின் எல்லை தெரிந்துவிட்டால் அதைச் சுற்றி நடக்கலாம்.

3

நல்ல பெயர் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று கேட்பவர்களுக்கு அதே காலத்திலேயே பதில் இருந்தது. 815க்குச் சற்று முன்னால் இன்டெல் விட்ட சிப்செட் 820. ஆர்டிராம் என்ற புதுவகை நினைவகத்துக்காகச் செய்யப்பட்டது. ஆர்டிராம் யானை விலை. அதனால் சாதாரண எஸ்டிராமையும் பயன்படுத்தட்டும் என்று நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு சிப்பை வைத்தார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர் சில நேரம் உளறியது. மின்சார இரைச்சலில் மெஷின் தானாக ரீசெட் ஆனது, தரவு கெடவும் வாய்ப்பிருந்தது. 2000 மே மாதம் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, வெளியே போயிருந்த பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான போர்டுகளை மாற்றித் தர முன்வந்தது. ஆக 'இன்டெல் போட்டுருங்க' என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. எந்த இன்டெல் என்று கேட்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒப்புக்கொள்வது இன்டெல்லுக்குப் பிறவிக் குணமாக வரவில்லை. 1994-ல் பென்டியம் ப்ராசஸரின் வகுத்தல் பிழையைக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்து வெளியே சொன்னபோது, உண்மையிலேயே பாதிக்கப்படுவோம் என்று காட்டுகிறவர்களுக்கு மட்டும் மாற்றித் தருகிறோம் என்றது அந்நிறுவனம். கூச்சல் பெரிதானது. 1994 டிசம்பர் 20-ல் கேட்கிற எல்லோருக்கும் மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். செலவு 47.5 கோடி டாலர். அதன்பின் தன் சிப்களின் பிழைப் பட்டியலை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இன்டெல் வெளியிடத் தொடங்கியது. ஒவ்வொரு சிப்செட்டுக்கும் அப்படி ஒரு ஆவணம் இருக்கிறது. பிழை என்ன, எப்போது வரும், என்ன பாதிப்பு, சுற்றிப் போக வழி என்ன, திருத்துவார்களா மாட்டார்களா. 'திருத்தப்போவதில்லை' என்ற குறிப்பு அதில் வரிக்கு வரி வரும். முதல்முறை படிக்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். போகப்போக அதுவே ஆறுதல் தரும்.

இந்தப் பழக்கத்தின் பலனை 2011-ல் பார்க்கலாம். சாண்டி பிரிட்ஜ் ப்ராசஸர்களோடு வந்த 6 வரிசை சிப்செட். விற்பனைக்கு வந்து ஒரு மாதம் முடிவதற்குள், ஜனவரி 31 அன்று, இன்டெல்லே அறிவித்தது: சிப்செட்டில் வடிவமைப்புப் பிழை இருக்கிறது, சாட்டா போர்ட்டுகள் சில காலப்போக்கில் பலவீனமாகும். மொத்தம் ஆறு போர்ட். 0, 1 இரண்டும் வேகமான போர்ட்டுகள், அவற்றுக்குப் பிரச்சனை இல்லை. 2 முதல் 5 வரையிலான நான்கில்தான் கோளாறு. காரணம் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். அந்த நான்கு போர்ட்டுக்கும் கடிகாரத் துடிப்பு தரும் சுற்றில் இருந்த அது தாங்க வேண்டியதைவிட அதிக வோல்டேஜைத் தாங்கிக்கொண்டிருந்தது. நாளாக ஆக மின்கசிவு கூடும், டிஸ்க் தடுமாறும். பழுதுபார்க்கவும் மாற்றித்தரவும் 70 கோடி டாலர், விற்பனை இழப்பு 30 கோடி டாலர் என்று அன்றைக்கே கணக்கும் சொன்னார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு வாரம் கழித்து நடந்தது. பிப்ரவரி 7 அன்று இன்டெல் அதே பிழையுள்ள சிப்செட்டை மறுபடி அனுப்பத் தொடங்கியது. பாதிக்கப்பட்ட போர்ட்டுகளைத் தொடவே தொடாத மெஷின்களுக்கு மட்டும். ஒரு டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப்புக்கு 0, 1 போதுமே. பிழை இருக்கும் பொருளை, பிழை இருக்கிறது என்று சொல்லி, யாருக்கு அது பிழையே இல்லையோ அவருக்கு விற்றார்கள். திருத்தப்பட்ட பி3 வடிவம் வந்தபின் போர்டு கம்பெனிகள் பெட்டிமேல் 'பி3' என்று ஒட்டி விற்றன. முந்தைய பி2 போர்டைக் கையில் வைத்திருந்தவருக்கு மூன்று வழி. திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். இரண்டு போர்ட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கூடுதலாக வேண்டுமென்றால் தனி சாட்டா கார்டு வாங்கிச் சொருகலாம். மூன்றுமே நம்பகமான வழிதான். பிழை எந்த நான்கு துளைகளுக்குள் இருக்கிறது என்று தெரிந்திருந்ததால்தான் இது சாத்தியமானது.

இதற்கு நேர்மாறான கதை கெபாசிட்டர் கொள்ளைநோய். 1999 முதல் 2007 வரை கம்ப்யூட்டர் தொழிலை ஆட்டிவைத்தது. மதர்போர்டில் குட்டி டிரம் மாதிரி நிற்குமே, அந்த எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள். உள்ளே ஊற்றிய ரசாயனக் கலவை சரியில்லாமல், வாழவேண்டிய காலத்துக்கு ரொம்ப முன்னாலேயே தலை உப்பி, வெடித்து, பழுப்பாகக் கசிந்தன. எந்த சிப்செட்டின் பிழைப் பட்டியலிலும் இது இல்லை. பெரிய பிராண்டு, சின்ன பிராண்டு என்று பார்க்கவில்லை. டெல் நிறுவனம் மட்டும் 2005-ல் இதற்காக 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டியிருந்தது. நல்ல போர்டு எது என்று அப்போது கேட்டிருந்தால், பெட்டியைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. பழுதான போர்டுகளைக் குவித்து வைத்திருந்த மெக்கானிக்தான், எந்தக் கெபாசிட்டர் உப்புகிறது என்று பார்த்துப் பார்த்துத் தனக்கென ஒரு பட்டியலை மனதில் போட்டு வைத்திருந்தார். அவர் கடை அலமாரிதான் அன்றைய பிழை ஆவணம்.

4

பட்டியல் கையில் இருந்தும் அதைப் படிக்காமல் போனால் என்ன ஆகும்? இதற்கு நம் கடலிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. தூத்துக்குடி, கீழக்கரைக் குளியாட்கள் இந்தக் கரையில் சலாபம் இல்லாத வருஷங்களில் எதிர்க்கரைக்கும் போவார்கள். வளைகுடாவின் இலங்கைப் பக்கம், மரிச்சுக்கட்டியில் சலாபம் விழுந்தால் ஆளில்லாத மணற்கரையில் ஒரு நகரமே முளைக்கும். 1905-ல் அங்கே நடந்ததுதான் பெரிய சலாபம். 8 கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள்.

அதற்கு முன்னால் 1902-ல் வில்லியம் ஹெர்ட்மன் என்ற விலங்கியல் அறிஞரை வரவழைத்துப் பார்களை ஆராயச் சொல்லியிருந்தது அரசு. உடன் வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து பேர் வாங்கியவர். அவர்களுடைய ஆய்வறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. அன்றைய உலகில் ஒரு முத்துக் கரையைப் பற்றி அதைவிட விரிவான அறிவியல் நூல் கிடையாது. பார்கள் ஏன் வெறிச்சோடுகின்றன என்பதற்கான காரணங்களும் அதில் இருந்தன. மணல் நகர்ந்து சிப்பியை மூடுவது, நீரோட்டம், குஞ்சுச் சிப்பிகளை மேயும் மீன்கள், நெருக்கடி. வளைகுடாவின் பார்கள் பல வருஷம் தொடர்ந்து ஒன்றும் தராமல் கிடக்கும் என்பதும் ரகசியமல்ல. 1837-க்குப் பின் 1855 வரை சலாபம் இல்லை. 1864 முதல் 1873 வரை இல்லை. 1892 முதல் 1902 வரை இல்லை. இதுவும் ஒரு பிழைப் பட்டியல்தான். 'திருத்தப்போவதில்லை' என்று கடல் கைப்பட எழுதிக் கொடுத்தது.

1906-ல் சிலோன் முத்துக்குளிப்போர் கம்பெனி என்ற பெயரில் லண்டன் முதலீட்டாளர்கள் அந்தப் பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தார்கள். வருஷத்துக்கு 3,10,000 ரூபாய். சலாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை உண்டு. 1906-ல் நல்ல அறுவடை. 1907-ல் அதைவிட ரொம்பக் குறைவு. அதன்பின் ஒன்றுமில்லை. 1912-ல் கம்பெனியை இழுத்து மூடினார்கள்.

இதை வெறும் பேராசைக் கதையாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் தெரிவது வேறு. அவர்கள் முட்டாள்கள் இல்லை. சிறந்த அறிவியல் கையில் இருந்தது. தவறு எங்கே என்றால், அறிவியலைக் கடலின் குணத்தை மாற்றும் பேட்ச் என்று நம்பினார்கள். குஞ்சுச் சிப்பிகளைப் பேர்த்து வேறு பாரில் நட்டால் வெற்று வருஷங்கள் ஒழிந்துவிடும் என்பது கணக்கு. உச்ச வருஷத்தைப் பார்த்து விலை பேசினார்கள். வெற்று வருஷங்களைப் பழைய வடிவத்தின் பிரச்சனையாகத் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு பெஞ்ச்மார்க் வரைபடத்தின் மிக நீளமான பட்டையைப் பார்த்து, வெளியாகி இரண்டு வாரம்கூட ஆகாத போர்டை வாங்குகிறவர் செய்வதும் இதையேதான். பெஞ்ச்மார்க் என்பது 1905. நாம் குத்தகை எடுப்பது அதற்கடுத்த வருஷங்களை.

தூத்துக்குடிப் பக்கமும் கதை வேறில்லை. 1889, 1900, 1908, பிறகு 1926 முதல் 1928, கடைசியாக 1955 முதல் 1961 என்று விட்டுவிட்டுத்தான் சலாபங்கள். கடைசிச் சலாபம் முடிந்து அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் இந்தக் கரையின் குளியாட்கள் முத்தை மட்டும் நம்பி வாழ்ந்துவிடவில்லை. சங்கு குளித்தார்கள், மீன் பிடித்தார்கள். பார் பொய்க்கும் என்பதை வைத்தே பிழைப்பை அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். என்ஜினியரிங்கில் இதற்கு ரிடன்டன்சி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

5

எந்தக் கம்பெனியின் ஆவணத்திலும் வராத இன்னொரு பிழையும் இந்த ஊரில் உண்டு. அது காற்று. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் உப்பு அதிகம் விளையும் மாநிலம் தமிழ்நாடு, அதன் மையம் தூத்துக்குடி. உப்பளத்துப் பக்கம் நிறுத்திய சைக்கிளின் ரிம் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மதர்போர்டுக்கும் அதுதான் ஆகிறது, கொஞ்சம் நாசூக்காக.

உப்புத் தூசி காய்ந்து கிடக்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை உறிஞ்சி நீர்த்துவிடும். நீர்த்த உப்பு மின்சாரம் கடத்தும். போர்டின் நெருக்கமான கம்பித் தடங்களுக்கு நடுவே அப்படி ஒரு மெல்லிய படலம் படிந்தால் கசிவு தொடங்கும், செம்பு அரிக்கும். கூடவே கந்தகம். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைத் தடை செய்தார்கள். உலகம் முழுக்க போர்டு செய்கிறவர்கள் ஈயமில்லாத முறைகளுக்கு மாறினார்கள். செம்பின்மேல் வெள்ளிப் பூச்சு அதில் ஒன்று. வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த காற்றில் அந்தப் பூச்சுள்ள போர்டுகளில் கறுப்பு அரிப்பு ஊர்ந்து பரவி ஷார்ட் ஆவது அதன்பின்தான் பெரிதாகக் கவனிக்கப்பட்டது. நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையமும் ரசாயன ஆலைகளும் கடலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இது ஏட்டுச் செய்தி இல்லை.

பெங்களூரில் ஏசி அறையில் ஐந்து வருஷம் ஓடிய போர்டு இங்கே ஹார்பர் பக்கத்து அலுவலகத்தில் இரண்டு வருஷத்தில் படுத்தால், போர்டு மோசம் என்று அர்த்தமில்லை. சோதித்த பார் வேறு, எடுத்த பார் வேறு. இந்த வட்டார மெக்கானிக் ஒருவரிடம் எந்த போர்டு போடலாம் என்று கேட்டால் அவர் முதலில் மாடலைச் சொல்ல மாட்டார். "மெஷின எங்க வைக்கப் போறீங்க அண்ணாச்சி?" என்று கேட்பார். "ஜன்னல் பக்கம் வேண்டாம். ராத்திரி ஆஃப் பண்ணாம விட முடியுமா?" என்பார். கேட்க மூடநம்பிக்கை மாதிரி இருக்கும், ஆனால் இயற்பியல் அவர் பக்கம். ஓடும் போர்டு சூடாக இருக்கும். சூடான இடத்தை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் குறைவு. உப்பு நீர்க்காது. அணைத்துவிட்டால் போர்டு குளிரும், விடியற்காலை ஈரத்தில் உப்பு விழித்துக்கொள்ளும். கரன்ட் பில் என்ற விலை இதற்கு உண்டு. எது லாபம் என்பது அந்த மெஷினில் என்ன கணக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

6

சரி, இன்றைக்கு என்ன போர்டு வாங்குவது? மாடல் பெயர் சொன்னால் இந்தக் கட்டுரை ஆறு மாதத்தில் பழசாகிவிடும். முறையை மட்டும் சொல்லலாம்.

நாலு வருஷம் நிம்மதி வேண்டுமென்றால், சந்தைக்கு வந்து ஒரு வருஷமாவது ஆன சிப்செட்டைப் பாருங்கள். அதற்குள் அதன் பிழைகள் பெரும்பாலும் வெளியே வந்திருக்கும். ஏஎம்டியின் 500 வரிசை போர்டுகளில் யுஎஸ்பி அவ்வப்போது அறுந்துபோன பிரச்சனையை 2021 பிப்ரவரியில் ஏஎம்டி ஒப்புக்கொண்டது. சில வாரங்களில் பயாஸ் திருத்தம் வந்தது. அதற்குப் பிறகு அதே போர்டை வாங்கியவர் முதல் நாள் வாங்கியவரைவிட நல்ல பொருளை வாங்கினார், பெரும்பாலும் குறைந்த விலைக்கு. அடுத்து, பிழை உங்கள் வேலையைத் தொடுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது போர்ட்டில் கோளாறு என்றால், உங்களிடம் மூன்றாவது டிஸ்க் இருக்கிறதா? பிறகு அந்த போர்டு கம்பெனி தன் பழைய போர்டுகளுக்கு எத்தனை வருஷம் பயாஸ் அப்டேட் கொடுத்தது என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் எந்த வாசகத்தைவிடவும் அது பெரிய சாட்சி. கடைசியாக, உங்கள் ஊரில் பழுது பார்க்கிறவரின் அலமாரியைப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தபின்னும் ஏமாறலாம். 2022-லும் 2023-லும் வந்த இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள் தேய்ந்தன. 2024 ஜூலையில்தான் இன்டெல் தன் மைக்ரோகோடே காரணம் என்றது. அதற்கு முந்தைய மாதங்களில் பழி மதர்போர்டு அமைப்புகள் மேல்தான் அதிகம் விழுந்திருந்தது. மருந்தும் மதர்போர்டு பயாஸ் வழியாகவே வந்தது. வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஏற்கனவே தேய்ந்த சிப்பை எந்த அப்டேட்டும் திருப்பிக் கொண்டுவராது. ஒரு வருஷம் காத்திருந்து வாங்கியவர்களும் இதில் மாட்டினார்கள். முறை என்பது நிகழ்தகவைக் குறைக்கும், அவ்வளவே.

வாங்குகிறவர்களாகிய நம் பக்கமும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஒரு கம்பெனி "எங்கள் சிப்பில் இந்த இடத்தில் பிழை" என்று சொன்ன அன்று அதைக் கேலி செய்து மீம் போடுகிறோம். பக்கத்துக் கம்பெனி வாயை மூடிக்கொண்டு இருக்கிறது, அதை நம்பகமானது என்கிறோம். இப்படியே போனால் பட்டியலை வெளியிடுகிறவர் முட்டாளாகிவிடுவார். சொல்லாமல் இருப்பது லாபம் என்றானால் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்புறம் எல்லோரும் மூடிய சிப்பியை, மாதிரி மதிப்பீடும் இல்லாமல், ஏலம் கேட்க வேண்டியதுதான். சொல்லத் தாமதித்ததற்குத் திட்டுங்கள், மாற்றித் தராததற்குத் திட்டுங்கள். சொன்னதற்காகத் திட்டாதீர்கள்.

686பி சவுத்பிரிட்ஜ் உள்ள போர்டுகள் இன்றைக்குப் பெரும்பாலும் பழைய இரும்பு எடைக்குப் போய்விட்டன. ஆனால் லினக்ஸின் பிசிஐ பகுதியில், வன்பொருள்களின் கோணல் குணங்களுக்கென்றே வைத்திருக்கும் ஃபைலில், வியா சவுத்பிரிட்ஜுக்கான மாற்றுவழியைப் போடும் சின்ன ஃபங்ஷன் ஒன்று உண்டு. மேலே குறிப்பில், இது ஜார்ஜ் பிரீஸின் பேட்சைப் பார்த்துச் செய்தது என்று எழுதியிருக்கிறார்கள். யாரோ எங்கோ அந்தப் பழைய போர்டில் ஒரு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் ஆகும்போது அந்த வரிகள் ஒருமுறை ஓடும், ஃபைல் கெடாமல் காப்பி ஆகும். அவருக்கு இது தெரிந்திருக்கக்கூட வேண்டியதில்லை.